புல எண் 1/2

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே
கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸ் எதிரில்
வெயிலும் வரிசையில் வந்து நிற்கும்.
இர்ஃபான் பாய் கடையில் இரண்டு கம்ப்யூட்டர்,
ஒரு ஜெராக்ஸ், ஒரு நான்.
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.
அழுதுகொண்டே சொன்னாலும் அதே நாற்பதுதான்.

வேப்பனப்பள்ளிப் பக்கமிருந்து வந்த திம்மக்கா
மடித்து மடித்துத் துணியாகிவிட்ட காகிதத்தை
கீபோர்டு மேலேயே விரித்தார்.
தாலுகா ஆபீஸ் பதில்:
மனுவில் கண்ட ½ என்ற புல எண்
கிராமக் கணக்கில் இல்லை.

"அரைன்னு ஒரு நிலம் இருக்குமா பாப்பா?
மிச்ச அரையை என் கொழுந்தன்கிட்ட கேக்கணுமா?"

பின்னால் குத்தியிருந்தது மனுவின் நகல்.
ஃபான்ட் என்னுடையது.
ஓரத்தில் விட்ட இடம் என்னுடையது.
சித்திரையில் நான் அடித்தது.

ஒன்று, சாய்கோடு, இரண்டு என்றுதான் அடித்தேன்.
ஒன்றாம் எண், இரண்டாம் உட்பிரிவு.
ஸ்பேஸ் தட்டிய நொடியில்
அது அழகாக்கிவிட்டிருக்கிறது.
அதற்குத் தெரிந்ததெல்லாம் அரை ஸ்பூன், அரை டம்ளர்.
எண்பது சென்ட்டும் ஏழு தோத்தாபுரி மரமும்
ஒரு எழுத்தகலத்துக்குள் சுருண்டு கிடக்க,
இடையில் மாங்காய் சீசன் முழுசும் போய்விட்டது.
காயைப் பறித்துக் கூழ் ஃபேக்டரிக்கு ஏற்றியது யாரென்று
அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"சிஸ்டம் மிஸ்டேக்" என்றேன்.
பாதி உண்மை.

புது மனு. 1 போட்டு, புள்ளி வைத்து,
முதல் வரியை முடித்து என்டர் தட்டினேன்.
கேட்காமலே கீழே 2 வந்து நின்றது.
திம்மக்காவுக்கு எழுத்து தெரியாது,
பஸ் நம்பர் பார்த்துப் பார்த்து எண் தெரியும்.
"ரெண்டாவது என்ன கேக்கணும்?"
"ஒண்ணுமில்ல, அது தானா வருது."
"தானான்னா? கவர்மெண்ட் கேக்குதா?"

அழித்தேன். மொத்தப் பத்தியும் உள்ளே நகர்ந்தது.
இழுத்தேன். வேறெங்கோ போனது.

ஃபைல். ஆப்ஷன்ஸ். ப்ரூஃபிங்.
பதினோரு வருஷமாக இதே நாற்காலி,
அந்த ஜன்னலை ஒருநாளும் திறந்ததில்லை.
உள்ளே வரிசையாக டிக்.
நான் போட்டதில்லை ஒன்றுகூட.
பின்னத்தை எடுத்தேன்.
தானாக எண் போடுவதை எடுத்தேன்.
மூன்று சிறு கோடு வைத்தால் பக்கத்தின் அகலத்துக்கு இழுத்து
பிறகு எப்படி அழித்தாலும் போகாத அந்தக் கோட்டை.
இணைப்பு 'சி' என்றால் உடனே வட்டம் கட்டி
காப்புரிமை கொண்டாடுவதை.
"என்னம்மா, இன்னும் ஒரு மனு ஆகலையா?" பாய் குரல்.
"ஆஃப் பண்ணிட்டு இருக்கேன் பாய்."
"கரண்ட் இருக்கும்போது எதை ஆஃப் பண்ற?"

ஓகே.

ஒன்று. சாய்கோடு. இரண்டு.
ஸ்பேஸ் மேல் கட்டைவிரலை வைத்து
கொஞ்சம் யோசித்துத்தான் அழுத்தினேன்.
1/2.
நடுவில் வரப்பு. இந்தப் பக்கம் ஒன்று,
அந்தப் பக்கம் இரண்டு.
யாரும் யாரையும் தின்னவில்லை.

என்டர்.
வெறும் வெள்ளை. கர்சர் மட்டும் துடித்தது.
"ரெண்டு எங்க பாப்பா?"
"எடுத்துட்டேன்."
அவர் முகம் கொஞ்சம் விழுந்தது.
"நான் யோசிச்சு வச்சிருந்தேனே.
சாயங்கால பஸ்ஸு ஊருக்குள்ள வராம
கேட்டுகிட்டயே திரும்பிடுது.
ஸ்கூல் புள்ளைங்க இருட்டுல நடக்குதுங்க."

விரல் தேடிப் போய்
நானே அடித்தேன் 2.
பக்கத்தில் ஒரு புள்ளி.

முந்தானை முடிச்சிலிருந்து நான்கு பத்து ரூபாய் எடுத்தார்.
இருபது போதும் என்றேன்.
"அரையா?" என்றார்.
சிரிக்கவில்லை.