நாலாம் மாடிக்கு மேலே

காரைக்குடி செக்காலை ரோட்டில்
காலை பத்து மணிக்கு நான் குடித்தனக்காரி.
சுவரில் ஓர் ஆணி அடிக்கவும்
கோலாலம்பூரில் இருப்பவரைக் கேட்க வேண்டும்.
பல் பார்க்கும் நாற்காலி மட்டும் சொந்தம்,
அதிலும் பதினெட்டுத் தவணை பாக்கி.

கிளினிக் மூடியதும் நான் வீட்டுக்காரி.
கொழும்பு வெள்ளவத்தையில் ஏழாம் மாடி,
இரண்டு படுக்கையறை, ஓர் அடுப்படி.
குசினி என்று திருத்தினார் தரகர் ஜெயரூபன்.
"நாலாம் மாடிக்குக் கீழே
வெளிநாட்டாருக்கு விற்க ஏலாது, டொக்டர்."
வெளிநாட்டார்.
தமிழில் சொன்னார், தமிழில் கேட்டேன்,
கையெழுத்தும் தமிழிலேயே போட்டேன்.

கானாடுகாத்தான் வீட்டில் எனக்கு
நாற்பத்தெட்டில் ஒரு பங்கு உண்டு.
விற்க முடியாது, இடிக்க முடியாது,
வெள்ளையடித்த கணக்கு மட்டும் தவறாமல் வரும்.
என் பங்குக்கு எத்தனை தூண் என்று
தம்பி சாத்தப்பன் ஒருமுறை வகுத்துப் பார்த்தான்:
ஒன்றே முக்கால்.
முக்கால் தூணை யாருக்கு வாடகைக்கு விடுவது?

கடல் தாண்டி முதல் போட்டிருக்கிறேன் என்று
சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருக்கிறது.
மதுரையில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரம்;
அதற்குள் இங்கிருந்து ரயிலில்
திருச்சி கூட வந்திருக்காது.

வாங்கும்போது நம் ஒரு ரூபாய்க்கு
அவர்கள் ரூபாய் இரண்டரைச் சொச்சம்.
ஒரே கோடையில் நாலரை.
வாடகை குறையவில்லை,
வந்து சேரும்போது இளைத்திருந்தது.

குடியிருப்பவர் பெயர் நிரோஷினி.
ஒரு தடவையும் முதல் தேதி தவறியதில்லை.
அவர், கணவர், ஒரு பிள்ளை.
நாலாவது ஆள் தங்கினால் கூடுதல் வாடகை:
ஒப்பந்தத்தில் அந்த வரி நான் சேர்த்தது.
என் கோலாலம்பூர்க்காரர் எனக்கு எழுதிய வரிதான்,
"இரண்டாவது நாற்காலி போட்டால்" என்றிருந்ததில்
நாற்காலியை ஆளாக்கினேன்.

நேற்று ராத்திரி ஒரு போட்டோ.
"அக்கா, பாத்ரூம் குழாய் ஒழுகுது,
சுவர் ஊறிப்போச்சு. ஆளைக் கூப்பிடட்டோ?"
பெரிதாக்கிப் பார்த்தேன்.
டைல்ஸ் இடுக்கில் மயிரிழை விரிசல்,
வேரில் சீழ் பிடித்த கடைவாய்ப் பல்லின்
எக்ஸ்ரே மாதிரி.
மேலே பூசினால் போதாது, திறக்க வேண்டும்.
எவ்வளவு ஆகும், எந்த ரூபாயில் ஆகும் என்று
யோசித்தபடி விரலை நகர்த்தினால்
ஓரத்தில் ஒரு தம்ளர்.
தம்ளரில் நாலு பிரஷ்.

எண்ணியது வீட்டுக்காரியா டாக்டரா
தெரியவில்லை. எண்ணிவிட்டேன்.
ஒன்று நீலம், ஒன்று பச்சை,
ஒன்றுக்கு முயல் காது.
நாலாவது வெள்ளை, நார் முழுக்க
வெளியே விரிந்து படுத்திருந்தது.
அழுத்தித் தேய்க்கிற கை.
ஈறு இறங்கியிருக்கும், பச்சைத் தண்ணீர் கூசும்.
வயதானவராக இருக்கலாம்.
அல்லது, வீட்டுக்காரி எந்நேரமும் வரலாம் என்று
அவசரமாய்ப் பல் தேய்க்கும் யாரோ.

"ஆளைக் கூப்பிடுங்க, பில் அனுப்புங்க."
அதன் கீழே "நாலாவது ஆளுக்கு" என்று தொடங்கி
அழித்தேன்.
"அந்த வெள்ளை பிரஷ்ஷை மாத்தச் சொல்லுங்க,
மென்மையான நார், வட்டமாத் தேய்க்கணும்."
நல்லது சொன்னதாகத்தான் நினைத்தேன்.
அனுப்பிய பிறகு வாசித்தால்
நோட்டீஸ் மாதிரி இருந்தது.

இரண்டு டிக்கும் நீலமாயின.
எழுதுகிறார் என்று காட்டியது.
நின்றது.
மறுபடி எழுதுகிறார்.

இங்கே கிளினிக் வாஷ்பேசினும்
மூன்று வாரமாய்ச் சொட்டுகிறது.
கோலாலம்பூருக்குப் போட்டோ அனுப்ப வேண்டும்.
எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும்
இரண்டாவது நாற்காலி விழுகிறது.