இல்லாத மேசை

அபெர்டேர். வியாழக்கிழமை, கடைசிப் பாடவேளை.
மத்தியானத்துச் சிப்ஸ் வாசம் போகாத கூடத்துக்குள்
காற்றை நாலு பேர் தூக்கி வந்தோம்.
"மெதுவா, கனக்குது" என்றாள் நெரிஸ்.
இறக்கி வைத்ததும்
அது மேசையாகிவிட்டது.

அப்பா அதன்மேல் செய்தித்தாளை விரித்தார்
(கெதின்; பதினைந்து வயது, கன்னமெல்லாம் பரு).
ஊரைவிட்டுப் போகிறேன் என்றான் மகன்.
மகன், நான்.

கெதின் நிமிரவே இல்லை.
பக்கத்தைப் புரட்டினான்.
தாள் சரசரத்தது, சத்தியமாக.
அடுத்த வசனம் எனக்கு வரவில்லை.

மணி அடித்தது.
மேசையைச் சுற்றிக்கொண்டு
மழைக்குள் ஓடினோம்.

எம்லின் மட்டும் குறுக்கே நடந்தான்.
"டேய், மேசை!"

நின்றான்.
இரண்டடி பின்னால் வந்து
தொடையைத் தடவிக்கொண்டே
சுற்றிப் போனான்.