தலைகீழ் ஒட்டு

ஒலிவ மரத்தை நான் பார்த்ததில்லை.
அப்புத்தளை பஸ் ஸ்டாண்டில்
உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி விற்கிற
வெரளிக்காயைத்தான் நினைத்துக்கொள்வேன்,
அது வேறு, இது வேறு என்று தெரிந்தும்.

ஒட்டுக்கட்டத் தெரியும்.
பண்டாரவளை நாற்றுமேடையில் ஒன்பது வருஷம்.
காட்டு நாற்றின் தலையைச் சீவி
நல்ல மரத்துக் கொப்பைச் செருகி
பொலித்தீன் நாடாவால் இறுக்கினால்
இருபத்தொரு நாளில் ஆனைக்கொய்யா உயிர் பிடிக்கும்.
கீழே துளிர்க்கும் காட்டு முளையைக் கிள்ளிவிட வேண்டும்.
கிள்ளாவிட்டால் ஏச்சு.

கூடாரம் தைத்தவர் எழுதிய கடிதத்திலோ
எல்லாம் தலைகீழ்.
காட்டுக் கொப்பை வெட்டி
நல்ல வேரில் செருகுகிறார் கடவுள்.
எங்கள் சுப்பர்வைசர் கண்டிருந்தால்
கடவுளுக்கே அரைப்பேர்தான்.

ஞாயிறு கொழும்பிலிருந்து வந்த போதகர்
மைக்கை விழுங்குவதுபோல் பிடித்துக்கொண்டு சொன்னார்:
யூதர் முறிந்தார்கள், நாம் நிற்கிறோம்.
தகரக் கூரை அதிர ஆமென் என்றோம்.
நானும்தான்.
முறிந்த கொப்பை ஈரச் சாக்கில் சுற்றிவைத்தால்
நாலு நாள் கழித்தும் ஒட்டலாம்.
கைக்குத் தெரிந்திருந்தது,
வாய்க்குத் தெரியவில்லை.

அந்த வெள்ளி, மதினி ரோஸ்லின் வாடகைக்கு விடும் அறைக்கு
இஸ்ரவேலிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள்.
முதுகில் மூட்டை, கணுக்காலில் அட்டை கடித்த இரத்தம்.
பொழுது சாயுமுன் மெழுகுதிரி வேண்டுமாம்.
கரண்ட் இருக்கிறதே என்றேன்.
சிரித்தார்கள்.
விரலைக் காட்டினார்கள்: இரண்டு.
மூத்தவள் ஏற்றிவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.
மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்றது.
முணுமுணுத்ததில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை.
முடிவில் இளையவள் சொன்னாள்:
ஆமென்.

எங்கள் வீட்டுச் சொல் என்று நினைத்திருந்தேன்.
லயத்துக் காம்பராவில் அம்மா பொட்டழித்து
ஞானஸ்நானம் எடுத்த அன்று
தண்ணீர் சொட்டச் சொட்டக் கொண்டுவந்த முதல் சொல்.
யார் வேரிலிருந்து ஏறி வந்ததென்று
அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

என் இயேசுவைப் பற்றி அந்தப் பெண்களிடம்
வாய் திறக்க வரவில்லை.
சாம்பிராணித் தட்டைத் திருப்பி
திரி சாயாமல் அண்டை கொடுத்துவிட்டு
கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

திங்கள், கொட்டகைக்குப் பின்னால்
ஒரு காட்டுக் கொப்பை
நல்ல கன்றில் வைத்துக் கட்டியிருக்கிறேன்.
சுப்பர்வைசருக்குத் தெரியாது.
பிடிக்குமோ என்னவோ.
பொலித்தீனுக்குள் வியர்த்திருக்கிறது.