குழாய் அந்தப் பக்கம்

நீலசந்திராவில் ஒரு பள்ளிக்கூடம்.
மூன்றாம் வகுப்பு பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு
ஆணையம் உட்கார்ந்திருக்கிறது:
ஓய்வுபெற்ற நீதிபதி, புள்ளியியல் பேராசிரியை,
எந்தக் கட்சி மாலையும் விழாத கழுத்தோடு ஒரு கணக்காளர்.
ஓரத்தில் நான், லேப்டாப்போடு.
கோடு என் கையில். முடிவு இல்லை.

போன முறை வரைபடம் பென் டிரைவில் வந்தது,
இரவு பதினொன்றேகாலுக்கு.
நண்டுக்கால் மாதிரி ஒரு வளைவு
தையல்காரர் தெருவை மட்டும் கவ்வி
ரயில் பாதைக்கு அப்பால் போட்டிருந்தது.
இப்படியே இருக்கட்டும் என்றார் கொண்டுவந்தவர்.
இருந்தது.

இந்த முறை இரவில் யாரும் வரவில்லை.
பகலில் வந்தவள் ஆரோக்கியமேரி,
ஆட்சேபணை எண் முந்நூற்றுப் பதினேழு,
ஒரு கையில் மனு, ஒரு கையில் காலிக் குடம்.
"நீங்க போட்ட கோட்டுல
எங்க குழாய் அந்த வார்டு, எங்க வீடு இந்த வார்டு.
தண்ணி வரலைன்னா யாரைத் திட்டுறது?
அதை மட்டும் எழுதிக் குடுங்க சார்."

நீதிபதிக்குத் தமிழ் தெரியாது.
கன்னடத்தில் சொன்னேன்.
குடத்தை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

நகர்த்திப் பார்க்கச் சொன்னார்.
ஒரு விரல் அசைவு,
குழாயும் வீடும் ஒரே நிறத்துக்குள் வந்துவிட்டன.
திரையின் மூலையில் எண் சிவந்தது:
பத்து சதவீத வரம்புக்கு மேல்
முந்நூற்று எண்பத்தொரு தலைகள்.
வேறொரு தெரு வெளியே போயாக வேண்டும்.

பேராசிரியை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
தெருத்தெருவாகக் கூட்டினார்.
என்ன சாதி, யாருக்கு ஓட்டு, கேட்கவே இல்லை.
தலைகள் மட்டும்.
பென்சில் முனை நின்ற இடம்
லிங்கப்பா குறுக்குத் தெரு.
அங்கே மூன்றாவது வீட்டு மாடியில்
என் நீலச் சுடிதார் இந்நேரம் காய்ந்திருக்கும்.

சொல்லியிருக்கலாம்.
ரேஷன் கடை எதிர்ச்சாரியில் இருக்கிறது என்று,
போனை எடுக்கிற ஒரே கவுன்சிலர் எங்களுடையவர் என்று,
என்னிடமும் ஒரு குடம் இருக்கிறது என்று.
இரண்டு மொழியிலும் வாக்கியம் தயாராக இருந்தது.
கோடு போடுகிறவள் மனு போடக்கூடாது:
வேலைக்குச் சேர்ந்த அன்று கையெழுத்திட்ட தாளில்
நான்காம் பக்கம்.

சேமித்தேன்.

வாசலில் குடத்தைக் கவிழ்த்து
அதன்மேல் உட்கார்ந்திருந்தாள் ஆரோக்கியமேரி.
"எங்களுக்குப் பதிலா எந்தத் தெரு போச்சு, பாப்பா?"
ஏதோ ஒரு தெரு என்றேன்.
"அய்யோ. அவங்களையும் வந்து கேக்கச் சொல்லு.
வெள்ளிக்கிழமை வரைக்கும் வாங்குறாங்களாமே."

இன்றிரவு துணி எடுக்க மாடிக்கு வருவாள்
எதிர்வீட்டு ஷகீரா.
என்ன கிழமை என்று மட்டும் சொல்லலாம்.
நான்காம் பக்கத்தில் அது இல்லை.