மணிக்கயிறு

குணநாயகம், புதன்கிழமை நீ போவதென்றால்
இதைக் கேட்டுவிட்டுப் போ.
ஓட்டையில்லாத பெனியன் போடு.
நான் அன்று போட்டிருந்தது, முதுகுப் பக்கம்
சுத்த மீன்வலை.

ஏழரைக்கே துண்டு எடுக்கவேணும்.
ஆஸ்பத்திரி வாசலில் மான் ஒன்று
வாழைப்பழத்தோல் தின்றுகொண்டு நிற்கும்.
அதற்கும் நம்பர் கொடுத்தமாதிரி
வரிசையை விட்டு அசையாது.
எனக்குப் பதினாலு.
ஆயுள் முழுக்கத் துண்டு கிழித்துக் கொடுத்தவன்
வாங்கி வைத்துக்கொண்டு வாங்கில் இருந்தேன்.

ஊசி இல்லை, பயப்படாதே.
கிண்ணியாப் பிள்ளை, றிஸ்மியா என்று பெயர்,
முதலில் தோளைத் தொடவேயில்லை.
நான் கதவால் வந்ததையும்
இடது கையால் கதிரையை இழுத்ததையும்
பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.
"என்ன செய்ய ஏலாம இரிக்கி?" என்றாள்.
கவனி, நோவைக் கேட்கவில்லை.

சேட் போட ஏலாது என்றேன்.
தலை இழுக்க ஏலாது.
சறோசாதான் பொத்தான் பூட்டிவிடுகிறாள்,
ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு பேச்சு.
இன்னும் ஒன்று இருந்தது.
அதைச் சொல்லவில்லை.

பத்துக்கு எத்தனை நோ என்று கேட்பாள்.
இருபத்திரண்டு வருஷம்
மீதிக்காசு பிசகாமல் கொடுத்த நான்
அதில் தடுமாறினேன்.
ஆறு என்றேன்.
முகத்தைப் பார்த்தாள்.
எட்டு என்றேன்.

பிறகு ஒரு சாமான்,
பாகைமானிக்கு இரண்டு கால் முளைத்தமாதிரி.
கையை நீங்களே தூக்குங்க என்றாள்.
வானத்தைப் பிடித்துவிட்டேன் என்றிருந்தது எனக்கு.
எழுபத்திரண்டு பாகை என்று எழுதினாள்.
கண்ணாடியில் பார்த்தேன்,
பஸ் மறிக்கிற உயரம்.

சுடுபொதி வைப்பார்கள், துவாய் நாலு மடிப்பு.
கன்னியாவின் ஏழு கிணற்றையும் மாறி மாறி ஊற்றினாலும்
இப்படி எலும்புக்குள் இறங்காது.
கண் சொக்கிவிடாதே,
விஷயம் அதற்குப் பிறகுதான்.
அவள் கையைப் பிடித்துத் திருப்ப
நம் பஸ்ஸின் பின்கதவு எனக்குள் திறந்தது.
திரைக்கு அங்கால் கந்தளாய் வயற்காரர் ஒருவர்
முழங்காலுக்காக "அம்மோ" என்றார்.
நானும் அதைத்தான் சொன்னேன்,
கொஞ்சம் கூடச் சத்தமாய்.

இழுபட்டால் பொறுக்கலாமாம்.
குத்தினால் உடனே சொல்லவேணுமாம்.
வீரம் காட்டாதே.
நீ காட்டுவாய், எனக்குத் தெரியும்.

ஒரு தரத்தோடு சரியா என்று கேட்டேன்.
சிரித்தாள்.
"பாலம் வரமுந்தி பாதையிலதானே
ஆத்தைக் கடந்த நாங்க.
அப்பிடித்தான், மெல்ல மெல்ல."

சுவரில் ஒரு வேலை உண்டு.
இரண்டு விரல் நண்டுமாதிரி ஏறவேணும்.
நின்ற இடத்தில் பென்சில் கோடு, பக்கத்தில் திகதி.
அந்தச் சுவர் முழுக்க
எவரெவருடைய கோடுகளோ.
சிலருடையது மேலே மேலே போய்
ஒரு நாளோடு நின்றுபோயிருந்தது.
சுகம் வந்ததோ, வந்துபோகக் காசில்லையோ,
சுவர் சொல்லாது.

நாலாம் தரம் போனபோதுதான்
மற்றதைச் சொன்னேன்.
மார்கழியிலிருந்து நான் மணியடிக்கவில்லை.
கயிறு எட்டவில்லை.
தகட்டில் தட்டினேன், விசிலடித்தேன்,
சனம் ஏறி முடியமுதல் "சரி, போ" என்று கத்தினேன்.
"அது எவ்வளவு உசரம்?" என்று கேட்டாள்.
இத்தனை வருஷம் பிடித்த கயிறு,
எனக்குத் தெரியவில்லை.

அன்று இரவு டிப்போவில்
சறோசாவின் தையல் நாடாவோடு நான் நின்றது
அதற்குத்தான்.
நீ தேத்தண்ணி குடித்துக்கொண்டு பார்த்தாய்,
ஒன்றும் கேட்கவில்லை.
மார்கழியிலிருந்தே நீ ஒன்றும் கேட்கவில்லை.
ஒவ்வொரு தரிப்பிலும்
கடைசி ஆளின் கால் ஏறிவிட்டதா என்று
இடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எடுத்தாய்.

அவள் அந்த உயரத்தில்
சிவப்பில் ஒரு கோடு போட்டிருக்கிறாள்.
எனக்கு இன்னும் நாலு விரல் கிடக்கு.

புதன்கிழமை முதல் பஸ்ஸை றாசிக் ஓட்டட்டும்.
என்ன ஏலாம இரிக்கி என்று அவள் கேட்டால்
திரும்பிப் பார்க்க ஏலாது என்று சொல்லு.
கிளச்சைக் குறை சொல்லாதே.