டயர் கணக்கு

திருத்துறைப்பூண்டி டிப்போவில் நான் கணக்குப்பிள்ளை.
பந்தைத் தொட்டதில்லை,
அதன் விலையைத் தொட்டிருக்கிறேன்:
பதினெட்டு ரூபாய், அறுபத்தொன்பது மாசி.
எந்தத் தலைப்பில் எழுத என்றேன்.
"டயர்ல எழுது. அதுவும் காத்தடைச்சதுதானே"
என்றார் முதலாளி.

அந்த வருடம் எங்கள் ஆறு பேரும்
போன ஊரிலெல்லாம் முதல் ஆட்டத்தோடு திரும்பினார்கள்.
மன்னார்குடியில் பதினைந்துக்கு இரண்டு.
அந்த இரண்டும் எதிராளி
வெளியே அடித்துக் கொடுத்த தானம்.
கூட்டத்தில் எவனோ ரெட்டை விசிலடித்து
"ரைட், போலாம்" என்றான்.
செக்கிங் இன்ஸ்பெக்டர் கோதண்டபாணிதான் கேப்டன்.
வரும் வழியில் அவர்
ஒருவரிடமும் டிக்கெட் கேட்கவில்லை.

அடுத்த தையில்
முத்துப்பேட்டை வண்டிக்குக் கிளீனராக வந்தான் உத்திராபதி.
பஸ் கூரையில் மூட்டை வைக்க
ஏணி தேடாத ஆள்.
"இவனை நெட்டுக்கு முன்னால நிறுத்துங்க, போதும்"
என்றவன் ஜமால் மைதீன், அதே வண்டிக் கண்டக்டர்.
நோட்டுகளை நீளவாக்கில் மடித்துச் செருகிய
அந்த விரல்களில்
பந்து வந்ததை யாரும் பார்த்ததில்லை,
கிளம்பியதைத்தான் பார்த்தோம்.

சம்பா அறுத்த வயலில் கோர்ட் போட்டார்கள்.
வெடித்த களிமண்ணுக்கு
முள்ளியாற்று மணல், நான்கு வண்டி.
'டிப்போ பராமரிப்பு' என்று எழுதினேன்.
முட்டை, மாதம் இருநூற்றுப் பத்து:
'கிரீஸ், ஆயில் வகையறா.'
கடைசி டிரிப் முடிந்து
ஹெட்லைட் வெளிச்சத்தில் பயிற்சி.
பாட்டரி இறங்கியதற்கும்
ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது எனக்கு.

இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்புவதில்லை:
சர்வீஸ் நம் கையில் இருந்தால்தான் அன்று புள்ளி.
எதிராளி போட்ட பந்தை
எத்தனை அழகாய்த் தரையில் அறைந்தாலும்
சர்வீஸ் திரும்பும், அவ்வளவே.

கும்பகோணம். எழுபத்தொன்று. இறுதி ஆட்டம்.
எதிரே நூற்பாலை அணி, எல்லோர் காலிலும் ஒரே நிற ஷூ.
கடைசி செட் பதினான்குக்குப் பதின்மூன்று.
அதன்பின் பதினோரு முறை சர்வீஸ் கை மாறியது,
பலகையில் எண் மாறவில்லை.
பக்கத்தில் ஒருவர் வெற்றிலையை
மெல்ல மறந்து வாயில் வைத்திருந்தார்.
உத்திராபதி எழும்பினான்.
அவனோடு மூன்று பேர் எழும்பினார்கள், ஆறு கைகள்.
ஜமால் அவனைப் பார்த்தபடியே
பந்தை முதுகுக்குப் பின்னால் அனுப்பினான்.
அங்கே தொந்தியோடு கோதண்டபாணி, நாற்பத்து நான்கு வயது.
குதிக்கவில்லை.
கிழித்த டிக்கெட்டை நீட்டுவதுபோல்
நெட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தார்.

அந்த வருடம் ஒன்பது ஊர், எட்டுக் கோப்பை.
வேதாரண்யத்தில் முன்னால் வந்த வண்டியை விட்டுவிட்டு
'அடிக்காரன் வண்டி'க்கு நின்றார்கள்.
வசூல் நானூறு ரூபாய் கூடியது.
காரணம் என்ற கட்டம் சின்னது,
'திருவிழா' என்று மட்டும் எழுதினேன்.

மறுவருடம் பஸ்ஸெல்லாம் சர்க்காருக்குப் போனது.
சட்டைப்பையில் மூன்று பேனாவோடு ஓர் அதிகாரி
டிப்போவை எண்ணினார்.
கோப்பைகளைப் 'பித்தளைச் சாமான், பதினொன்று' என்றார்.
வெண்கலம் என்று திருத்த வாயெடுத்து விட்டுவிட்டேன்.
கோதண்டபாணிக்கு அரியலூர் மாற்றல்.
ஜமால் பினாங்குக் கப்பல் ஏறினான்.
உத்திராபதியின் பெயர்
எந்தப் பதிவேட்டிலும் இல்லை.
அவன் சம்பளத்தை நான்
'தார்ப்பாய்க் கயிறு' என்று எழுதியிருந்தேன்.
இதை அவனிடம் சொன்ன அன்று
அவன் சிரிக்கத்தான் செய்தான்.
எனக்குத்தான் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

டயர்க் கொட்டகை மூலையில் கிடந்த பந்தைக்
காலால் புரட்டினார் அதிகாரி.
"இது என்ன?"
பேரேட்டைப் புரட்டிப் பக்கத்தைக் காட்டினேன்.
"ஸ்டெப்னி, சார்."
எழுதிக்கொண்டார்.