நலன் முரண்

முதலில் ஒரு படிவம்.
'இந்த விண்ணப்பத்தில் உங்களுக்கு நலன் ஏதும் உண்டா?'
இல்லை என்ற கட்டத்தில் ஒரு சொடுக்கு.
இந்த வாரத்தில் இது முப்பத்தேழாவது சொடுக்கு.

சோஹார், ஆகஸ்ட், பிற்பகல் மூன்று.
கண்ணாடிக்கு வெளியே துறைமுகச் சாலை
வெள்ளையடித்ததுபோல் வெளுத்துக் கிடக்கிறது.
உள்ளே எனக்குக் குளிர்கிறது.
நாற்காலி முதுகில் தொங்கும் சால்வை
அலுவலகத்துக்கென்றே வாங்கியது.

கேட்பவர்: நஸ்ரா பின்த் முஸப்பஹ்,
தொழிலாளர் விடுதி உரிமையாளர்.
கேட்பது: மூன்று டீசல் ஜெனரேட்டர்களைத் தூக்கிவிட்டுக்
கூரை முழுக்கச் சூரியத் தகடு,
இரவுக்கு மின்கலம்.
எழுத்துப்பிழைகள் உண்டு.
ஐந்தாம் இணைப்பில் டீசல் பில்கள்,
ஒன்றிரண்டில் தேநீர்க் கோப்பையின் வட்டம்.

முதல் மதிப்பீட்டாளர் எழுபத்தெட்டு போட்டிருக்கிறார்,
இரண்டாமவர் ஐம்பத்தொன்பது.
பத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால்
கோப்பு மூன்றாவது ஆளிடம் வரும்.
வந்திருக்கிறது.

கார்பன் குறைப்புக்கு முப்பது.
இருபத்தாறு தந்தேன், பில்கள் பொய் சொல்லவில்லை.
திட்ட முதிர்ச்சிக்கு இருபதில் பதினைந்து.
நிதி வலுவுக்கு இருபதில் பதினான்கு,
வங்கிக் கடிதம் போன மாதமே காலாவதி.
பிறர் பின்பற்றும் வாய்ப்புக்குப் பத்தில் எட்டு,
சாலையின் இருபுறமும் இதே மாதிரி விடுதிகள்தானே.
மீதி இருபது வட்டாரப் பயனுக்கு.

பயனாளிகள் எண்ணிக்கை: நான்கு.

நான்கா?
அடிக்குறிப்பைத் தேடினேன், எறும்பெழுத்தில் இருந்தது:
பயனாளி என்பவர் வட்டாரத்தின் குடிமக்களுள் ஒருவர்;
விசாவில் வந்தோர் கணக்கில் சேரார்.
நஸ்ரா நேர்மையாகத்தான் நிரப்பியிருக்கிறார்:
தானும் தம்பியும் இரண்டு காவலாளிகளும்.
கூரையின் கீழ் அறுநூற்றுப் பன்னிரண்டு கட்டில்கள்.
கணக்கில் ஒருவரும் உறங்கவில்லை.

விண்ணப்பதாரரை அழைத்துக் கேட்கக் கூடாது என்பது விதி.
தாளில் இல்லாததை மதிப்பிடக் கூடாது என்பதும்.
ஆகவே தாளையே மறுபடி படித்தேன்
அடகுப் பத்திரம் படிப்பவளைப் போல.
பத்தொன்பதாம் பக்க வரைபடத்தில்
விடுதிக்குத் தென்மேற்கே ஒரு சின்னக் கொடிக்குறி.
பள்ளிக்கூடம்.
விண்ணப்பத்தில் அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை.
பகல் ஏறினால் கடற்காற்று வடகிழக்கிலிருந்து வரும்.
புகை எந்தப் பக்கம் போகும் என்பதைத்
தூத்துக்குடி அனல்மின் சாம்பலுக்குப் பக்கத்தில் வளர்ந்தவளுக்கு
யாரும் சொல்லித்தர வேண்டாம்.
அந்தப் பிள்ளைகள் குடிமக்கள். எண்ணலாம்.
ஏழு போட்டேன்.
'காரணம்' என்ற கட்டத்துக்குள்
இருநூறு எழுத்தில் காற்றை மடித்து வைத்தேன்.

மொத்தம் எழுபது. தகுதி வரம்பும் எழுபது.
பக்கத்து இருக்கை ஸமீஹா எட்டிப் பார்த்தாள்:
'நூலிழை, ஜெபக்கனி!'
'வெயிட்டிங் லிஸ்ட்' என்றேன்.
அவள் எங்கள் ஊர் ரயிலில் ஏறியதில்லை, சிரித்துவைத்தாள்.
மேலே பதினோரு கோப்புகள் நிற்கின்றன.
பணம் எத்தனையாவதில் தீரும் என்று
எங்கள் இருவருக்குமே தெரியும்.

ஆறரைக்கு அறைக்கு வந்தேன்.
என் கட்டடம் அந்த விடுதிக்கு மூன்று தெரு தள்ளி.
பால்கனிக் கொடியில் தலையணை உறை,
காய்ந்து, மடிப்பெல்லாம் கறுப்புப் பொடி.
காலையில் சொடுக்கிய கட்டம் நினைவுக்கு வந்தது.
கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.
பிறகு அடிக்குறிப்பும் வந்தது:
நானும் விசாவில் வந்தவள்.
கணக்கில் சேராதவளுக்கு ஏது நலன்?
விதிப்படி என் பதில் சரி.

இரவு தம்பி கூப்பிட்டான்.
'நலமா?' என்றான்.
ஜெனரேட்டர் இரைச்சலில் இரண்டாம் முறை கேட்டான்.
நலம் என்றேன்.
நாளைக்கு முப்பத்தெட்டாவது, அலையாத்திக் கன்று நடுவது,
தொண்ணூறு பக்கம், படங்கள் அழகாக இருக்கின்றன.
உறையை நன்றாக உதறி
உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுப்
படுத்தேன்.